பழைய கைப்பேசியின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

துவாரகா, தில்லியின் தென்மேற்கில் தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டு எழுப்பிய துணை நகரம். அதன் செக்டார் 3இல் நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், செக்டார் 14இல் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும், செக்டார் 16சியில் குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தப் பல்கலைக்கழகமும் உள்ளன. மென்பொருள் எழுதக் கற்பவர்களும் சட்டம் கற்பவர்களும் ஒரே துணை நகரத்தில் அருகருகே வாழ்கிறார்கள். இவ்விரு துறையினரும் சேர்ந்தாலொழிய விடை காண முடியாத கேள்வி ஒன்று அங்குள்ள அடுக்ககங்களின் வாயில்களிலேயே காத்திருக்கிறது. உற்பத்தி நிறுவனம் கைவிட்டுவிட்ட திறன்பேசியின் மென்பொருளைப் புதுப்பிக்கவும் திருத்தவும் மாற்றவும் உரிமை யாருக்கு?

கேள்வி அற்பமாகத் தோன்றலாம். பழைய கைப்பேசி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அதன் கனம் விளங்கும். அடுக்ககத்தின் மேல் தளங்களில் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கைப்பேசி மாறுகிறது. கழிக்கப்பட்டது குப்பைக்குப் போவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கோ, வாயிற்காவலருக்கோ, ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் உறவுக்கார மாணவனுக்கோ போகிறது. முதல் உரிமையாளருக்கு அது பல கருவிகளுள் ஒன்றாக இருந்தது. இரண்டாம் உரிமையாளருக்கு அதுவே வங்கி, அதுவே கூலி வந்து சேரும் யூபிஐ முகவரி, அதுவே டிஜிலாக்கரில் உள்ள மதிப்பெண் சான்றிதழ். திரையும் ஒலிவாங்கியும் கேமராவும் பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே, “இந்த இயங்குதளப் பதிப்பில் செயலி இயங்காது” என்ற ஒரு வரி தோன்றி அவர்களுடைய பொருளியல் வாழ்வை நிறுத்திவிடுகிறது.

இங்கே தேய்ந்தது கருவியன்று. திறன்பேசியின் மூப்பு பெரும்பாலும் பிறர் எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. சில சான்றுகளைப் பார்க்கலாம்.

இணையத்தின் பெரும்பகுதி இலவசமாகப் பெறும் பாதுகாப்புச் சான்றிதழ்களை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு வழங்குகிறது. அதன் மூலச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய பதிப்புகள் அறியா. அவை நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. குறுக்குக் கையொப்பம் என்னும் தற்காலிக ஏற்பாட்டால் மேலும் மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்த அக்கைப்பேசிகள், 2024க்குப் பிறகு எண்ணற்ற தளங்களைத் திறக்க மறுத்தன. “இந்த இணைப்பு பாதுகாப்பானதன்று” என்ற எச்சரிக்கையைக் கண்டவர் தளத்தில் கோளாறு என்று எண்ணியிருப்பார். அல்லது கைப்பேசி கெட்டுவிட்டது என்று எண்ணியிருப்பார். கெட்டது எதுவுமில்லை. சில கிலோபைட் அளவுள்ள ஒரு கோப்பு அதில் இல்லை, அவ்வளவே. தன் சொந்தச் சான்றிதழ்த் தொகுப்போடு வரும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நிறுவினால் அத்தளங்கள் திறந்தன என்பதே இதற்குச் சான்று.

வாட்ஸ்அப் 2025 ஜனவரி 1 முதல் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கு ஆதரவை நிறுத்தியது. இந்திய ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு நெறிமுறைகள், வங்கிச் செயலியின் புதிய பதிப்பு வந்தபின் ஆறு மாதங்களுக்கு மிகாமல் பழைய பதிப்பைச் செயலிழக்கச் செய்யச் சொல்கின்றன. தனித்தனியே பார்த்தால் இவை நியாயமான முடிவுகள். ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வழியில்லாத ஒருவர்மீது இவையனைத்தும் ஒன்றாக விழும்போது, புதிய கருவி வாங்கு என்ற கட்டளையாக மாறுகின்றன.

கைமாறிய கைப்பேசிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த திருட்டுத் தடுப்பு ஏற்பாட்டின்படி, முந்தைய உரிமையாளர் தம் கூகுள் கணக்கை நீக்காமல் கொடுத்துவிட்ட கருவியைப் பூட்டிய நிலையிலிருந்து முழுமையாக அழித்து மீட்டமைத்தால், அது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். திருடனைத் தடுக்கும் பூட்டு, அன்பளிப்பாகப் பெற்றவரையும் தடுக்கிறது. கொடுப்பவர் அமைப்புகளுக்குள் சென்று கணக்கை நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் இந்தச் சிறு நெறியைப் பரவலாகச் சொல்லிக்கொடுப்பார் இல்லை.

புதுப்பிப்பு ஏன் நின்றுபோகிறது என்பதற்கு நிறுவனங்கள் சொல்லும் தொழில்நுட்பக் காரணத்தில் உண்மை உண்டு. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கர்னல், சில்லு உற்பத்தியாளர் தரும் இயக்கிகளோடு பிணைந்தது. சில்லு நிறுவனம் ஆதரவை நிறுத்தினால் கைப்பேசி நிறுவனத்துக்குச் செலவு கூடுகிறது. இந்தப் பிணைப்பைத் தளர்த்தவே 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் டிரெபிள் என்னும் கட்டமைப்பு வந்தது. ஆனால் செலவும் ஒரு தேர்வே. 2023இல் வந்த பிக்சல் 8க்கும் 2024இல் வந்த சாம்சங் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக அந்நிறுவனங்கள் அறிவித்தன. ஏழு ஆண்டுகள் இயலும் என்பது இதனால் நிறுவப்பட்டுவிட்டது. விலையுயர்ந்த கருவியை வாங்க முடிந்தவருக்கு மட்டுமே அது இயலும் என்பதும் சேர்த்தே நிறுவப்பட்டது.

தில்லி இந்த வரலாற்றில் வெறும் சந்தையன்று, களம். 2014 செப்டம்பர் 15 அன்று, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, இதே தில்லியில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏறத்தாழ 6,400 ரூபாய் விலையில் கைப்பேசிகளை வெளியிட்டன. புதுப்பிப்புகளை கூகுளே நேரடியாக இரண்டு ஆண்டுகள்வரை தரும் என்பது உறுதிமொழி. ஏழைக்கும் புதிய மென்பொருள் என்ற கொள்கை அன்று உரக்கச் சொல்லப்பட்டது. அதன் எல்லை இரண்டு ஆண்டுகள் என்பது மெதுவாகச் சொல்லப்பட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு நிகழ்வு. ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய சயனோஜென்மாட், அப்போது சயனோஜென் என்ற வணிக நிறுவனமாகியிருந்தது. இந்தியாவில் அதன் தனியுரிமையைத் தான் பெற்றிருப்பதாகக் கூறி மைக்ரோமேக்ஸ், ஒன்பிளஸ் நிறுவனத்தின்மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். சில நாள்களிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை விலக்கியது. எல்லாருக்கும் உரியதாகப் பிறந்த ஒரு மென்பொருளின்மேல் இரு நிறுவனங்கள் எல்லைத் தகராறு செய்தன. அந்தக் கைப்பேசிகளை வாங்கியவர்களுக்கு அம்மென்பொருளின்மேல் என்ன உரிமை என்பது அவ்வழக்கின் பொருளாக இருக்கவில்லை. 2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை நிறுத்தியது. மூல நிரல் திறந்திருந்ததால் ஆர்வலர்கள் அதே மாதத்தில் அதை லீனியேஜ் ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தனர். நிறுவனம் மறைந்தபின்னும் மென்பொருள் வாழ்ந்தது. இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கமான வரலாறு. ஆண்ட்ராய்டு 2 வரிசைப் பதிப்புகள் பலவற்றில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தெரிந்தன. ஆப்பரா மினி உலாவியின் அமைப்புக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பும் தெரிவை இயக்கிப் பலர் தமிழ்த் தளங்களைப் படித்தனர். அது போதாதவர்கள் கருவியை ரூட் செய்து, அமைப்புக் கோப்புறையில் தமிழ் எழுத்துருவைத் தாமே வைத்தனர். தாய்மொழியைப் படிப்பதற்காகவே தடைசெய்யப்பட்ட கதவைத் திறந்தவர்கள் அவர்கள். கைப்பேசியின் மென்பொருளை மாற்றுவது குற்ற நோக்கத்தின் அடையாளம் என்று இன்று பேசுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெருநிறுவனம் ஒரு மொழியைக் கவனிக்கும்வரை காத்திராமல், அம்மொழியினர் தாமே செய்துகொள்ளும் வாய்ப்பைத் தந்தது அந்தத் திறந்த கதவு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? பலரும் எண்ணுவதற்கு மாறாக, அது இவ்விடத்தில் கடுமையானதன்று. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்யப்படும் செயலை அப்பிரிவு விலக்கி வைக்கிறது. 52ஆம் பிரிவோ, நிரல்கள் ஒன்றோடொன்று இயங்கத் தேவையான தகவலை வேறு வகையில் எளிதில் பெற இயலாதபோது, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அதைப் பெறச் செய்யும் செயலை மீறலாகக் கொள்வதில்லை. அமெரிக்காவில் கைப்பேசியின் பூட்டைத் திறப்பதற்கு 2010இல் நாடாளுமன்ற நூலகரிடம் தனி விலக்குப் பெற வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒப்பிட்டால் இந்திய நாடாளுமன்றம் தாராளமாகவே நடந்துகொண்டது.

ஆகவே இங்கே பூட்டுவது சட்டமன்று, கருவியும் செயலியும். இவை இரண்டு அடுக்குகளில் பூட்டுகின்றன.

முதல் அடுக்கு பூட்லோடர். கைப்பேசி இயங்கத் தொடங்கும்போது எந்த இயங்குதளத்தை ஏற்றலாம் என்று தீர்மானிக்கும் நிரல் அது. சில நிறுவனங்கள் அதைத் திறக்க அனுமதிக்கின்றன, சில மறுக்கின்றன. ஹுவாவெய் தன் கருவிகளைத் திறப்பதற்கான குறியீடு வழங்குவதை 2018இல் நிறுத்தியது. கர்னலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, கருவியோடு மூல நிரலையும் தரக் கடமைப்படுத்துகிறது. அந்த நிரலைத் திருத்தி அதே கருவியில் இயக்க வழிவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. அக்குறையைத் தீர்க்க முயன்ற மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. லினக்ஸ் கர்னல் அதை ஏற்கவில்லை. விளைவாக, நிரல் கையில் உண்டு, கருவியும் கையில் உண்டு, இரண்டையும் சேர்க்கும் சாவி மட்டும் இல்லை என்ற நிலை நீடிக்கிறது.

இரண்டாம் அடுக்கு இன்னும் நுட்பமானது. முன்னர் சேஃப்டிநெட் எனவும் இப்போது பிளே இன்டெக்ரிட்டி எனவும் கூகுள் வழங்கும் சான்றாய்வு, கருவியில் உள்ள இயங்குதளம் சான்றளிக்கப்பட்டதா என்று செயலிகளுக்குச் சொல்கிறது. இதில் ஒரு முரண் உண்டு. 2018க்குப் பிறகு ஒரு பாதுகாப்புத் திருத்தமும் பெறாத, ஆனால் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும் ஆண்ட்ராய்டு 8 கருவி, செயலிகள் பொதுவாகக் கோரும் நடுத்தரச் சான்றில் தேறிவிடும். சென்ற மாதத் திருத்தம்வரை பெற்ற லீனியேஜ் ஓஎஸ் கருவி தோற்றுவிடும். மிக உயர்ந்த சான்றுக்கு, அதுவும் ஆண்ட்ராய்டு 13 முதற்கொண்ட கருவிகளுக்கு மட்டுமே, அண்மைக்காலத் திருத்தம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025இல் வந்தது. மற்றபடி இங்கே அளக்கப்படுவது நிறுவனத்தின் முத்திரை. பாதுகாப்பு என்று அதற்குப் பெயர்.

வங்கிகளின் அச்சம் பொய்யன்று. 2015 ஜூலையில் வெளிப்பட்ட ஸ்டேஜ்ஃபிரைட் குறைபாட்டால், ஒரு பல்லூடகக் குறுஞ்செய்தி மட்டுமே கொண்டு கைப்பேசியைக் கைப்பற்ற இயலும் என்று தெரிந்தது. அடுத்த மாதத்திலிருந்துதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. ரூட் செய்த கருவியில் தீய செயலி ஒன்று வங்கிச் செயலியின் உள்ளடக்கத்தை எட்ட இயலும். ஏமாற்றுக்காரர்கள் திருத்திய கருவிகளைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆனால் ரூட் செய்வதும், பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் நிறுவுவதும் ஒன்றல்ல. ரூட் அணுகல் இல்லாமலே லீனியேஜ் ஓஎஸ் இயங்கும். அதன் இயல்புநிலையே அதுதான். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு நெறிமுறைகளும் ரூட் செய்த கருவியைக் கண்டறிந்து தடுக்கும் சாத்தியத்தை வங்கிகள் ஆராயலாம் என்றே சொல்கின்றன. ஆராயலாம் என்பதை, ஆராயாமல் தடுக்கலாம் என்று படித்ததன் பயனை இரண்டாம் உரிமையாளர்கள் அனுபவிக்கிறார்கள். மேஜிஸ்க் போன்ற கருவிகளைக் கொண்டு, தம் கைப்பேசி வேறொரு கைப்பேசி என்று பொய்யுரைத்துச் சான்றாய்வைக் கடந்து செல்வோர் பலர். நேர்மையான பயனரைப் பொய் சொல்லத் தூண்டும் விதி, பாதுகாப்பு விதியாக வெற்றி பெற்றதாகக் கொள்ள இயலாது.

மாற்று இயங்குதளத்துக்கும் குறைகள் உண்டு. பூட்லோடரைத் திறக்கும்போது பொதுவாக அதிலுள்ள தரவு முழுவதும் அழியும். 4ஜி வலையில் குரல் அழைப்புக்குத் தேவையான வோல்ட்டி வசதி சில கருவிகளில் இயங்காமல் போகும். 2016இல் 4ஜி மட்டும் கொண்டு தொடங்கிய ஜியோவின் பயனருக்கு அது அழைப்பே இல்லாத கைப்பேசி. தவறான கோப்பை ஏற்றினால் கருவி செங்கல்லாகிவிடும். எனவே கைவிடப்பட்ட ஒவ்வொரு கருவிக்கும் இதுவே மருந்து என்பது மிகை. மருந்து உண்டா என்று பார்ப்பதற்கே அனுமதி மறுக்கப்படுவதுதான் சிக்கல்.

துவாரகாவிலிருந்து நீல வழி மெட்ரோவில் ஏறினால் நேரே கரோல் பாக். நிலையத்தை ஒட்டியே காஃபர் மார்க்கெட். கைப்பேசியைப் பிரித்து, சில்லைச் சூடேற்றிக் கழற்றி, மென்பொருளை மீண்டும் ஏற்றித் தரும் கைகள் அங்கே வரிசையாக அமர்ந்திருக்கின்றன. தில்லியின் இத்தகைய சந்தைகளை வெறும் சட்டமீறலாகப் பாராமல், நகர நவீனத்துவத்தின் ஒரு வடிவமாக ரவி சுந்தரம் தம் ‘பைரேட் மாடர்னிட்டி’ நூலில் ஆராய்ந்தார். தொழில்நுட்பத்தைப் புத்தாக்கத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பாராமல் பழுதின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஸ்டீவன் ஜாக்சன் 2014இல் எழுதினார். இரண்டும் ஆய்வேடுகளில் மேற்கோளாகிவிட்டன. பொறியியல் மாணவனின் இறுதியாண்டுத் திட்டப்பணியாகவில்லை. யமுனைக்கு அப்பால் சீலம்பூரில் கழிவு மின்கருவிகள் கையால் பிரிக்கப்படுகின்றன. காஃபர் மார்க்கெட்டில் காப்பாற்ற இயலாதவை போய்ச் சேரும் இடங்களுள் அது ஒன்று. அங்குள்ள உடல்கள் சுவாசிக்கும் நச்சிலும், நிறுத்தப்பட்ட ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பங்குண்டு.

கொள்கைத் தளத்தில் சில அசைவுகள் தெரிகின்றன. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அவ்வாண்டு இறுதியில் அதற்கான இணையதளமும் வந்தது. கைப்பேசிகளுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பழுதுநீக்கக் குறியீடு வழங்கும் வரைவை வேறொரு குழு 2025 மே மாதம் அளித்தது. மென்பொருள் புதுப்பிப்பும் அதன் அளவுகோல்களுள் ஒன்று. போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்கள் வளராமல் தடுக்கும் ஒப்பந்தங்களையும் குறை கண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று அதுவும் கட்டாயப்படுத்தவில்லை.

எனவே இந்திய விதி ஒரு படி மேலே செல்ல வேண்டும். நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்தும் நாளிலேயே பூட்லோடரைத் திறக்கும் வழியை உரிமையாளருக்கு இலவசமாக வழங்க வேண்டும். கர்னலின் மூல நிரலையும் தொழிற்சாலை மென்பொருளின் முழுக் கோப்பையும் பொதுவில் வைக்க வேண்டும். புதுப்பிப்பு எந்தத் தேதிவரை என்பதைப் பெட்டியின்மேல் விலைக்கு அருகில் அச்சிட வேண்டும். வங்கிகளும் அரசுச் செயலிகளும் முத்திரையைப் பாராமல் திருத்தத்தின் தேதியைப் பார்க்க வேண்டும். ரூட் அணுகல் இல்லாத, புதுப்பிக்கப்பட்ட மாற்று இயங்குதளத்தை, குறைந்த பரிமாற்ற வரம்போடேனும் ஏற்க வேண்டும். நிறுவனத்துக்கு இவற்றால் பெருஞ்செலவு இல்லை. தான் கைவிட்டதைப் பிறர் எடுத்துக்கொள்ள விடுவது மட்டுமே அதனிடம் கேட்கப்படுகிறது.

விதி வரும்வரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. துவாரகாவின் தொழில்நுட்ப மாணவர்கள் ஒரு பருவத்தில் ஒரு பழைய கைப்பேசியைத் தெரிந்தெடுத்து, அதற்கு இயங்குதளம் அமைத்து, பாதுகாப்புத் திருத்தங்களைப் பொருத்துவதை மதிப்பெண்ணுக்குரிய பணியாக்கலாம். கணினி அறிவியல் பாடநூல் சொல்லும் கர்னல், இயக்கி, மறையீடு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும். சட்ட மாணவர்கள், ஜிபிஎல் கடமையை நிறைவேற்றாத நிறுவனங்களிடம் மூல நிரலைக் கேட்டு எழுதலாம். 65ஏ பிரிவின் எல்லையைப் பழுதுநீக்குவோருக்குப் புரியும் மொழியில் இரண்டு பக்கங்களில் எழுதித் தரலாம். வாரத்தில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஓர் அடுக்ககத்தின் வாயிலில் மேசை போட்டு அமர்ந்தால், வருகிறவர்கள் கொண்டுவரும் கேள்விகளே அடுத்த ஆய்வுத் தலைப்புகளைத் தரும்.